நீட்டலும் திறத்தலும்

மீட்டப்படும் தந்திக் கருவிகள் அனைத்திற்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. மீட்டிய கணத்திலேயே அவற்றின் ஓசை தேயத் தொடங்கிவிடுகிறது. குழல் ஊதுபவர் தம் மூச்சு உள்ளவரை ஒலியை நிறுத்தி வைக்கலாம். வில்லால் இழுக்கப்படும் வயலினுக்கும் அவ்வாய்ப்பு உண்டு. விரலால் சுண்டப்படும் தந்திக்கோ பிறப்பும் தேய்வும் ஒருங்கே நிகழ்கின்றன. அத்தேய்வை மறைக்க மனிதர் கண்ட வழிகளுள் ஒன்று காலால் செய்யப்படுவது. அதைப் பற்றியும், பிற்காலத்தில் அதனோடு வந்து சேர்ந்த மற்றொரு கால்வித்தையைப் பற்றியும் எழுத விழைகிறேன். அரபும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியனுக்கு அமெரிக்கக் கிட்டாரில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். விடை கட்டுரையின் போக்கில் தானே விளங்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இசைக்கருவிகளைக் கேட்பது குறித்து மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு இருந்து வருகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் 'ஸமாஉ' பற்றித் தனிப் பகுதியே வகுத்துள்ளார்கள். அவ்வழக்கில் தீர்ப்புரைக்க நான் முன்வரவில்லை. என் நாட்டம் ஒலியின் இலக்கணத்தைப் பற்றியது. 1037-இல் மறைந்த இப்னு ஸீனா, எழுத்துகள் பிறக்கும் காரணங்களை ஆராய்ந்து சிறு நூலொன்று எழுதினார். குரல்வளையையும் நாவையும் மருத்துவர் கண்கொண்டு விளக்கிய அவர், வாய் பேசாத பிற அசைவுகளிலிருந்தும் எழுத்தொலிகள் கேட்கக்கூடும் என்பதை அந்நூலின் இறுதி இயலில் எடுத்துக்காட்டினார். மத்ரஸாவில் அதைப் பற்றிக் கேள்வியுற்ற நாள் முதல், வாயில்லாப் பொருளொன்று வாயின் தொழிலைச் செய்வதைக் காணும் ஆவல் எனக்கு இருந்தது.

சென்ற ஆண்டு அந்த ஆவல் நிறைவேறியது. நெஞ்சில் வந்த நோயொன்று நீங்கியபின், என் மூச்சு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் காட்டிய குரல் பாதி வழியில் அறுந்தது. நீண்ட ஆயத்துகளில் பொருள் கெடாத நிறுத்தம் வருமுன்பே மூச்சு தீர்ந்துவிடும். ஓதிக் காட்டும் பணியை இளையவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, இலக்கணம் மட்டும் நடத்தலாம் என்று எண்ணியிருந்தேன். அந்நிலையில் ஓய்வுக்காக என் தங்கை மகனின் அழைப்பை ஏற்று, அவன் குடியிருக்கும் நாஷ்வில் நகரில் இரண்டு மாதம் தங்கினேன். டென்னசி மாநிலத்தின் தலைநகராகிய அவ்வூர் 'கன்ட்ரி' இசையின் தாயகம் எனப் பெயர் பெற்றது. ஆனால் ஜும்ஆவுக்குச் சென்றால் அருகில் தொழுபவர் பெரும்பாலும் குர்து மொழி பேசுபவராக இருப்பார். அமெரிக்காவில் குர்து மக்கள் மிகுதியாக வாழும் நகரும் அதுவே.

பக்கத்து வீட்டில் எழுபதைக் கடந்த முதியவர் ஒருவர் இருந்தார். ஒலிப்பதிவுக் கூடங்களில் ஸ்டீல் கிட்டார் வாசித்து ஓய்வு பெற்றவர். "மாமா, நீங்கள் சொல்லும் மக்ரஜு விஷயமெல்லாம் அவருக்குப் பிடிக்கும், வாருங்கள்" என்று என் மருமகன் அழைத்துச் சென்றான். மொழிபெயர்ப்பாளனும் அவனே.

ஸ்டீல் கிட்டார் என்பது இரும்பாலான கிட்டார் அன்று. இடக்கையில் ஓர் எஃகுத் துண்டைப் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்குவதால் வந்த பெயர் அது. நம் நாட்டுக் கோட்டுவாத்தியத்தில் கட்டை வழுக்குவதை நினைத்துக்கொண்டால் இதன் இயல்பு எளிதில் விளங்கும். சுரத்திற்குச் சுரம் தாவாமல் குரல்போல் இழைந்து செல்லும். இதன் பிறப்பிடம் ஹவாய்த் தீவுகள். 1874-இல் ஓவாஹூ தீவின் லாயியே என்னும் ஊரில் பிறந்த ஜோசப் கெகூகு, பள்ளி மாணவராக இருந்தபோதே இம்முறையைக் கண்டு வளர்த்தவராகப் போற்றப்படுகிறார். அவர் 1904-இல் அமெரிக்கப் பெருநிலத்துக்குச் சென்றார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப்பின் ஹவாய் இசை அந்நாடெங்கும் பரவியது. 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் வறுசட்டி வடிவில் ஒரு மின்கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரே.

இன்று நாஷ்வில்லில் வாசிக்கப்படுவது கால்களில் நிற்கும் மேசைபோன்ற பெடல் ஸ்டீல். பொதுவாகப் பத்துத் தந்திகள். கீழே மூன்று மிதிகள். முழங்கால்களால் தள்ளும் நெம்புகோல்கள் நான்கைந்து. மிதியை அழுத்தினால் தந்தி இறுகிச் சுருதி உயரும். 1954-இல் புகழ்பெற்ற வெப் பியர்ஸின் பாடலொன்றில், ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியின் சுருதியையே பட் ஐசக்ஸ் மிதியால் மாற்றிக் காட்டினார். அதன்பின் அவ்வழக்கம் நிலைபெற்றது. வாசிப்பவரின் உடலை நோக்கினால் வியப்பு மிகும். இடக்கையில் எஃகு, வலக்கை விரல்களில் மீட்டும் நகங்கள், இடக்கால் மிதிகளில், இரு முழங்கால்களும் நெம்புகோல்களில். எஞ்சியிருப்பது வலக்கால் ஒன்றே. அந்த வலக்காலின் கீழ் இருப்பதுதான் வால்யூம் பெடல் என்னும் ஒலியளவு மிதி.

தையல் எந்திரத்தின் மிதிகட்டையை அறியாத வீடு நம்மிடையே இல்லை. இதுவும் அதுபோல் முன்னும் பின்னும் சாயும் ஒரு பலகைதான். முன்னங்காலால் அழுத்தினால் ஒலி பெருகும். குதிகாலால் தாழ்த்தினால் குறையும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும்தானே இது என்று நான் நினைத்தேன். முதியவர் தலையசைத்து மறுத்தார். தந்தியை மீட்டும்போது மிதி பாதியளவிலேயே நிற்க வேண்டுமாம். ஓசை தேயத் தேய, அந்தத் தேய்வு செவிக்குத் தெரியாதபடி மிதியைச் சிறிது சிறிதாக முன்னே அழுத்திச் செல்ல வேண்டுமாம். தந்தி இழப்பதைக் கால் ஈடுசெய்கிறது. கேட்பவருக்கோ தேயாத குரலொன்று நீண்டுகொண்டே போவதாகத் தோன்றும். "தொடக்கத்திலேயே முழுவதையும் கொடுத்துவிட்டால் முடிவில் கொடுக்க ஒன்றும் இருக்காது" என்றார். மருமகன் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது என் நெஞ்சில் ஏதோ தைத்தது.

இனி மற்றொரு மிதியைப் பார்ப்போம். 1966 நவம்பரில் கலிபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தைச் சார்ந்த பிராட்லி பிளங்கெட் என்னும் இளம் பொறியாளர், வாக்ஸ் ஒலிபெருக்கியில் இருந்த ஒரு சுற்றமைப்பை மலிவாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். நிலைமாற்றும் சுவிட்சுக்குப் பதிலாகத் தொடர்ச்சியாகத் திருகும் குமிழ் ஒன்றைப் பொருத்தினார். குமிழைத் திருகியபோது ஒலியின் நிறம் வழுக்கிக்கொண்டே மாறியது. அதைக் காலால் இயக்க எண்ணி, வாக்ஸ் ஆர்கன் ஒன்றின் ஒலியளவு மிதிக்கூட்டினுள் வைத்தனர். அதுவே 'வா-வா' பெடல். எக்காளத்தின் வாயில் அடைப்பானை வைத்தும் எடுத்தும் ஒலியைப் பேசவைத்த கிளைடு மெக்காய் என்னும் கலைஞரின் பெயரோடு 1967-இல் அது விற்பனைக்கு வந்தது. வா-வா மிதி பிறந்ததே ஒலியளவு மிதியின் கூட்டுக்குள்தான் என்பது கருதத்தக்கது.

இது ஒலியைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஒலியில் கலந்துள்ள பல அதிர்வுகளுள் ஒரு பகுதியை மட்டும் எடுப்பாக்கிக் காட்டுகிறது. குதிகால் தாழ்ந்திருக்கையில் விநாடிக்குச் சுமார் 400 அதிர்வுகள் உள்ள பகுதி எடுப்பாகும். முன்னங்கால் தாழ்கையில் அந்த எடுப்பு சுமார் 2,000 வரை ஏறும். நம் வாய் உயிரொலிகளைப் பிறப்பிப்பதும் ஏறத்தாழ இவ்வாறே. குரல்வளையின் ஓசை ஒன்றே. இதழ் குவிந்தால் வாயறை தாழ்ந்த பகுதியை எடுத்துக்காட்ட 'ஊ' என்கிறோம். வாய் திறந்தால் உயர்ந்த பகுதி எடுப்பாகி 'ஆ' என்கிறோம். ஆகவே இம்மிதியைக் குதிகாலிலிருந்து முன்னே அழுத்தினால் தந்தி 'வா' என்று சொல்கிறது. அதன் பெயரே அது எழுப்பும் ஓசைதான்.

இதைக் கேட்டதும் எனக்கு அபுல் அஸ்வத் துஅலி (ரஹ்) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது. திருமறையின் எழுத்துகளுக்கு உயிர்க்குறி இடும் முறையை முதலில் வகுத்தவர் என அறியப்படுபவர் அவர். தாம் ஓதும்போது வாயைத் திறந்தால் எழுத்தின் மேலே ஒரு புள்ளியும், வாயைத் தாழ்த்தினால் கீழே ஒரு புள்ளியும், இதழைக் குவித்தால் எழுத்தின் முன்னே ஒரு புள்ளியும் இடுமாறு எழுத்தரிடம் பணித்தார் என்பர். ஃபத்ஹா என்றால் திறத்தல். கஸ்ரா என்றால் முறித்தல். ளம்மா என்றால் சேர்த்தல். நம் பிள்ளைகள் நாள்தோறும் சொல்லும் இப்பெயர்கள் வாயின் செயல்களுக்கு இட்ட பெயர்கள். தொல்காப்பியரும் பிறப்பியலில் அகரத்தை வாய் திறத்தலோடும் உகரத்தை இதழ் குவித்தலோடும் இணைத்தே பேசுவார். வா-வா மிதியின் குதிகால் முனை ளம்மா. முன்னங்கால் முனை ஃபத்ஹா. இன்னும் நுட்பமாகப் பார்த்தால், அது சொல்லும் 'வா' தமிழ் வகரமும் அன்று. தமிழ் வகரம் மேற்பல்லும் கீழிதழும் பொருந்திப் பிறப்பது. இரு இதழும் குவிந்து பின் விரியும் அரபு வாவே அந்த மிதியில் கேட்கிறது.

தந்தியைப் பேசவைக்கும் ஆசை வா-வா மிதிக்கும் முந்தியது. 1939 அளவில் ஆல்வினோ ரே என்பவர் ஸ்டீல் கிட்டார் வாசிக்க, திரைமறைவில் அவர் மனைவி தம் தொண்டையில் கருவி பொருத்தி, அக்கிட்டாரின் ஓசைக்குத் தம் வாயின் வடிவைக் கொடுத்தார். 1964-இல் பீட் டிரேக், கிட்டாரின் ஓசையைக் குழாய்வழியே தம் வாய்க்குள் செலுத்தி, உதடசைத்துச் சொற்களாக்கி வெளியிட்டார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சில தேவாலயங்களில் போதகரின் குரலுக்கு ஸ்டீல் கிட்டார் மறுமொழி கூறும் வழக்கம் 1930-களிலிருந்து வளர்ந்தது. அம்மரபில் வந்த ராபர்ட் ராண்டால்ஃப் இன்று பெடல் ஸ்டீலுடன் வா-வா மிதியையும் பயன்படுத்துகிறார்.

இப்போது ஸ்டீல் கிட்டார்க்காரரின் இடர்ப்பாடு புரியும். அவருக்கு ஓய்வாக இருப்பது வலக்கால் ஒன்றே. அதற்கோ இரண்டு மிதிகள். நின்று வாசிப்பவர் உடல் எடையை ஊன்றி வா-வா மிதியின் முனைச் சுவிட்சை அழுத்திவிடலாம். அமர்ந்து வாசிப்பவருக்கு அது கடினம். கிட்டாரின் அடியில் தொடைக்கும் தரைக்கும் இடையே இடமும் குறைவு. இதற்குத் தீர்வாக வந்ததே இரண்டையும் ஒரே பலகையில் வைத்த கூட்டு மிதி. முதியவரிடம் இருந்தது மோர்லி நிறுவனத்தின் ஆக்கம். சுழல் ஒலிபெருக்கிக்குப் புகழ்பெற்ற லெஸ்லி என்னும் பெயரில் 'லெஸ்', அதாவது குறைவு, இருப்பதால், அதற்குப் போட்டியாக 'மோர்', அதாவது மிகுதி, என்று விளையாட்டாக இட்ட பெயராம் மோர்லி. மொழியாசிரியன் என்பதால் இதை நான் மிகவும் சுவைத்தேன். சாதாரண மிதிகளில் குமிழ் உராய்ந்து தேய்ந்து நாளடைவில் கரகரக்கும். மோர்லியிலோ உள்ளே ஒரு விளக்கும் ஒளியுணரும் சிறு பொருளும் இருக்கின்றன. பலகை அசையும்போது இடையே உள்ள மறைப்பு விலகி ஒளியின் அளவு மாறுகிறது. உராய்வு இல்லை, ஆகவே தேய்வும் இல்லை.

பக்கத்தில் ஒரு சுவிட்சு உண்டு. அதைத் தட்டாதவரை பலகை ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும். தட்டிவிட்டால் அதே பலகை வா-வா ஆகிவிடும். இங்கேதான் சிக்கல். முதியவர் முதலில் ஒலியளவு மிதியாக வைத்து ஒரு சுரத்தை நீட்டினார். அது தளராமல் நின்றது, ஆனால் பேசவில்லை. பிறகு சுவிட்சைத் தட்டி அதே சுரத்தை மீட்டினார். அது 'வா' என்று தெளிவாகச் சொல்லியது; ஆனால் விரைவில் மடிந்தது. நீட்டும் கால் இப்போது வாயாகிவிட்டதால் நீட்டுவதற்குக் கால் இல்லை. அவர் மற்றொன்றையும் காட்டினார். தேய்வை ஈடுசெய்ய முன்னே அழுத்திப் பழகிய கால், வா-வா மிதியிலும் தன்னையறியாமல் ஒவ்வொரு சுரத்தின் முடிவிலும் முன்னே அழுத்துகிறது. ஆகவே எல்லாச் சுரங்களும் வேண்டினும் வேண்டாவிடினும் 'வா', 'வா' என்றே முடிகின்றன. பல்லாண்டுப் பழக்கத்தைக் கால் மறக்க மறுக்கிறது.

"இரண்டையும் ஒருங்கே செய்ய இயலாதா?" என்று கேட்டேன். அலமாரியிலிருந்து பழைய ஃபெண்டர் மிதியொன்றை எடுத்து வந்தார். 1950-களில் அறிமுகமான வகை அது. மேலும் கீழும் சாய்த்தால் ஒலியளவு. இடமும் வலமும் திருப்பினால் ஒலியின் நிறம். ஒரே கால், இரண்டு அசைவுகள். ஆனால் அது கூர்மையைக் குறைத்துக் கூட்டுவது மட்டுமே. வாய்போல் தெளிவாகத் திறப்பதில்லை. தனித்தனியே இரண்டு மிதிகளை வைத்துக் கால் மாற்றுபவரும் உண்டு. அப்போது எதை முன்னே இணைப்பது என்ற கேள்வி எழும். வா-வாவை முன்னும் ஒலியளவை அதன்பின்னும் வைத்தால், ஒலியளவைத் தாழ்த்தும்போது வா-வாவின் இரைச்சலும் அடங்கும். ஆனால் தந்தியிலிருந்து வரும் மெல்லிய மின்குறிப்பை நேராக வாங்கும் வா-வா அதன் கூர்மையைச் சிறிது விழுங்கிவிடும். ஆகவே இடையே ஒரு சிறு காப்புச் சுற்று வேண்டும். மனித உடலிலோ மூச்சு முதலில், வாய் பிறகு.

இவ்வளவும் கேட்டுவிட்டுத் திரும்பிய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. திருமறையின் சொல்லை ஒரு கருவியின் ஓசையோடு ஒப்பிடும் எண்ணம் எனக்கு இல்லை, அல்லாஹ் காப்பானாக. ஒப்பிட்டது என் வாயையும் மூச்சையுமே. தஜ்வீதில் இயல்பான மத்து இரண்டு ஹரகத். தமிழ் நெட்டெழுத்தின் இரண்டு மாத்திரை போன்றது அது. மத்து லாஸிமுக்கு ஆறு ஹரகத். அதில் சுருக்க இடமில்லை. நிறுத்தத்தின் காரணமாக வரும் மத்து ஆரிளுக்கோ இரண்டும் ஆகும், நான்கும் ஆகும், ஆறும் ஆகும். இளமையில் நான் எப்போதும் ஆறையே தேர்ந்தேன். மூச்சு இருந்தது, நீட்டினேன். இப்போது கடமையானது எது, விருப்பத்திற்கு விடப்பட்டது எது என்று பிரித்துப் பார்க்கும் தேவை வந்துவிட்டது. ஆயத்தின் தொடக்கத்தில் குரலைப் பாதியில் நிறுத்தி, லாஸிம் வரும் இடத்துக்கென மூச்சைச் சேமித்து, நிறுத்தங்களில் இரண்டோடு அமைந்து ஓதிப் பார்த்தேன். அறுபடவில்லை. பல மாதங்களுக்குப் பின் ஒரு நீண்ட ஆயத்து என் மூச்சுக்குள் முழுமையாக அடங்கியது.

அதனினும் பெரிய பயன் ஊர் திரும்பியபின் வகுப்பறையில் கிடைத்தது. ஒலிப்பதிவுகளில் புகழ்பெற்ற காரீகளைக் கேட்டு நம் பிள்ளைகள் நீட்டுவதில் தேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் நீளம் கூடக்கூட வாய் மெல்ல மூடிக்கொள்கிறது. ஃபத்ஹாவில் தொடங்கிய ஓசை ஓகாரத்தின் பக்கம் சாய்ந்து முடிகிறது. ஒலியளவு மிதி வேலை செய்கிறது; மற்ற மிதி உறங்குகிறது. வேறு சிலர் எழுத்தைத் தெளிவாகத் திறக்கிறார்கள். அளவு வருமுன் அறுத்துவிடுகிறார்கள். ஒற்றைக் கால் கொண்ட கருவிக்கு இரண்டில் ஒன்றைத் தேர்வது விதி. மனிதனுக்கோ நெஞ்சில் மூச்சும், தனியே ஒரு நாவும் இரு உதடுகளும் தரப்பட்டுள்ளன. 'அல்பலத்' அத்தியாயம் அவற்றை அருட்கொடைகளாக எண்ணிக் காட்டுவதை இப்போது ஓதும்போது பொருள் இன்னும் விரிகிறது.

ஓதிக் காட்டும் பணியை நான் இளையவரிடம் ஒப்படைக்கவில்லை. முறையை மட்டும் மாற்றிக்கொண்டேன். புதிய பாடம் எதுவாயினும் முதலில் இரண்டு ஹரகத் அளவிலேயே ஓதிக் காட்டுகிறேன். பிள்ளைகள் என் வாயைப் பார்க்கிறார்கள். எங்கே திறக்கிறது, எங்கே குவிகிறது என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்கிறார்கள். திறப்பு உறுதியான பின்னரே விரல் மடக்கி நீளத்தைக் கூட்டுகிறோம். நீளத்தில் அவர்களுள் பலர் இன்று என்னை விஞ்சிவிட்டார்கள். ஆறு ஹரகத் நிறைவுற்ற பின்னும் என் வகுப்பின் மிகச் சிறிய மாணவன் ஒருவனின் ஃபத்ஹா திறந்தபடியே நிற்கிறது. அவனை ஓதச் சொல்லிவிட்டு நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அல்ஹம்து லில்லாஹ்.